கோட்டைச் சுவரை ஒட்டின வீடுகளும் எங்க எஸ்தரக்காவும்

விஸ்வநாதன் சார் குர்லாவுக்கு வந்து நான் பாத்ததே கிடையாது. மாட்டுங்கால ரயில் ஏறி, பேங்குக்குப் போய், திரும்ப மாட்டுங்கால இறங்கற மனுஷன். அன்னைக்குச் சாயந்திரம் எங்க லேத் பட்டறை வாசல்ல ஆபீஸ் சட்டையோட நின்னுட்டிருந்தார். மழை விட்டிருந்துச்சு. அவர் குடையை மடக்கல.

"பாலு, கொஞ்சம் வெளியில வாயேன்"ன்னார்.

மெஷின் ஓடிட்டிருந்துச்சு. பாதியில நிறுத்தினா கடையற இரும்புத் துண்டு வீணாப் போயிரும். கையைக் காட்டி நிக்கச் சொன்னேன். அவர் நிக்கல. இரும்புத் தூளு மேலயே செருப்போட நடந்து உள்ள வந்து, என் காதுகிட்ட குனிஞ்சார்.

"எஸ்தர் தவறிட்டாப்பா. மத்தியானம். ஆஸ்பத்திரியிலயே."

நான் தலையை ஆட்டினேன். துண்டைக் கடைசி வரைக்கும் கடைஞ்சேன். அளந்து பாத்தேன், அளவு சரியா இருந்துச்சு. தட்டுல வச்சேன். அப்புறம் மரத்தூளும் சோப்பும் போட்டுக் கையைக் கழுவினேன். நகத்துல இருக்கற எண்ணெய் போகல. அதையே தேச்சிக்கிட்டு இருந்தேன். சார் பக்கத்துல குடையைப் பிடிச்சிக்கிட்டு நின்னார். கூரைக்கு அடியில குடை பிடிச்சிட்டு நிக்கறோம்னு அவருக்குத் தெரியல. நானும் சொல்லல.

நான் அழல. இதை எழுதற வரைக்கும் அழுகை வரல. அதுக்காக யாரும் தப்பா நெனைக்க வேணாம்.

நம்ம சந்து வாசகசாலை போர்டுல ஒட்டறதுக்கு அக்காவைப் பத்தி எழுதச் சொன்னாங்க. முறுக்கு மடிச்சித் தர்ற பேப்பரைப் பாத்துத் தமிழ் எழுத்து கூட்டினவன் நான். எழுத்துத் தமிழ் எனக்கு வராது. வாயில வர்றபடியே எழுதறேன்.

அவங்களைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எஸ்தரக்கா தாராவியில நம்ம சந்துலதான் அம்மாகூட இருந்தாங்க. பூர்வீகம் நாசரேத் பக்கம். பொறந்தது வளந்ததெல்லாம் பம்பாய். கோட்டைன்னு பேர் வச்ச ஆபீஸ் ஏரியாவுல ஒரு கப்பல் கம்பெனியில டைப்பிஸ்ட். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்துல பேர் சேக்கறது, ஊருக்கு மணியார்டர், இந்தச் சந்துல இங்கிலீஷ்ல எது எழுதணும்னாலும் அவங்க கதவைத்தான் தட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை காலையில முதல் ஆராதனைக்குப் போவாங்க. முடிஞ்சதும் பைபிளைப் பையில போட்டுக்கிட்டு, அதே பையில சோத்து டப்பாவோட கோட்டை பாக்கக் கிளம்பிருவாங்க. இடிஞ்ச கோட்டை, மலைக்கோட்டை, பாதிச் சுவர் மட்டும் நிக்கற கோட்டை, எதுவானாலும் போவாங்க. கல்யாணம் பண்ணிக்கல. அதைக் கேட்டவங்களுக்கெல்லாம், "என்கூட மலை ஏறுத மாப்பிள்ளை யாராவது இருந்தா சொல்லுங்க. மூச்சு வாங்கக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன்"னு பதில் சொல்லுவாங்க.

நான் அவங்களை மொதமொதல்ல பாத்தது சயான் குன்று மேல இருக்கற கோட்டையில. எனக்குக் கோட்டைன்னா பைத்தியம். பழைய பேப்பர்ல கோட்டைப் படம் வந்தா வெட்டி வச்சிருப்பேன். அன்னைக்கு உச்சியில ஏறி நின்னு, எதிரொலி வருதான்னு பாக்க "ஓஓஓய்"னு கத்தினேன். சுவருக்குப் பின்னாடியிருந்து ஒரு தலை எட்டிப் பாத்துச்சு.

"ஏல, யாருல அது? பீரங்கி வெடிச்ச மாதிரி கத்துத?"

"கோட்டைக்கா! எவ்வளவு பெரிய கோட்டை!"

"கோட்டைன்னு எனக்கும் தெரியும். அதுக்குக் காது கேக்குதான்னு பாக்குதியோ?"

நான் பீரங்கியைப் பத்தி ஆரம்பிச்சேன். எங்க நிறுத்தியிருப்பாங்க, எந்தப் பக்கமாச் சுட்டிருப்பாங்கன்னு கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவங்க கேட்டுட்டு, "பீரங்கி இருக்கட்டும். அதைச் சுட்டவன் சோறு எங்கல ஆக்கினான்?"னாங்க.

எனக்கு அப்படி ஒரு கேள்வி தோணினதே இல்ல. ரெண்டு பேரும் தேடினோம். ஒரு மூலையில சுவர் கரி பிடிச்சிக் கறுத்திருந்துச்சு. நான் குதிச்சேன். அக்கா கொண்டை ஊசியை உருவிக் கரியைச் சுரண்டி, மோந்து பாத்து, "இதான் அடுக்களை"ன்னாங்க. அவங்க மூஞ்சியைப் பாக்கணும், பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கின பிள்ளை மாதிரி இருந்துச்சு. அப்போ கழுத்துல கேமராவோட ஒரு பெரியவர் படியேறி வந்தார். நாங்க பாக்கறதையே அவரும் பாத்தார்.

"அது போன வாரம் பிக்னிக் வந்தவா சோளம் சுட்ட எடம்மா. நானே பாத்தேன். காலேஜ் பசங்க"ன்னார்.

அக்கா ஊசியைப் புடவையில தொடச்சி மறுபடி கொண்டையில செருகினாங்க. "அவங்களும் பசிச்சித்தானே வந்திருக்காங்க"ன்னாங்க. நாங்க மூணு பேரும் சிரிச்சோம். அந்தப் பெரியவர்தான் விஸ்வநாதன் சார், அவருக்குச் சிரிச்சி இருமலே வந்துருச்சு. அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை வந்தா நாங்க மூணு பேர்தான்.

அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தக் கோட்டைக்குப் போனாலும் மொதல்ல சோறு, அப்புறம்தான் சரித்திரம். சார் பழைய சர்க்கார் புஸ்தகத்துலேர்ந்து குறிப்பெடுத்துட்டு வந்திருப்பார். உச்சிக்குப் போனதும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தொண்டையைச் செருமுவார். அக்கா டப்பாவைத் திறந்துருவாங்க.

"சார், பசியோட இருக்கவன் சரித்திரம் கேக்க மாட்டான். வயித்தோட சத்தம்தான் அவனுக்குக் கேக்கும்."

"சரிம்மா. இன்னைக்கு என்ன, உன் டப்பாவுல நீச்சல் அடிக்கறது ஏதாவது இருக்கா?"

"வெறும் புளியோதரைதான், பயப்படாதீங்க. போன வாட்டி கருவாட்டு வாசனைக்கு நீங்க மூணாவது பெட்டியில போய் உக்காந்தது எனக்கு மறக்கல."

"மூணாவது இல்ல, அடுத்த பெட்டிதான். ஜன்னலோரம் கெடைச்சுது, அதான் போனேன்."

கர்ஜத் தாண்டி ஒரு மலைக்கோட்டைக்குப் போனது நல்லா ஞாபகம் இருக்கு. மழைக்காலம் முடிஞ்ச சமயம், மலை பூரா மஞ்சப் பூவு. நான் கத்திக்கிட்டே ஏறி, பாசியில வழுக்கி, பாதி வழியில தொங்கினேன். அக்கா கீழேயிருந்து என் சட்டைக் காலரைப் பிடிச்சாங்க. அவங்க கை நடுங்கல. என்னை மேல தள்ளி விட்டுட்டு, "ஏறும்போது வாயை மூடுல. மேல போய் எவ்வளவு வேணா கத்து, நானும் கூடக் கத்துதேன்"ன்னாங்க. சொன்ன மாதிரியே மேல போய்க் கத்தினாங்க. சார் காதைப் பொத்திக்கிட்டார்.

மேல பாறையில வெட்டின தண்ணித் தொட்டி ஒண்ணு. அடிவாரக் கிராமத்துலேர்ந்து ஒரு அம்மா ஏறி வந்து அதுல தண்ணி எடுத்துட்டிருந்தாங்க. நானும் சாரும் கொடிக்கம்பம் இருந்த மேட்டைத் தேடிப் போயிட்டோம். திரும்பி வந்தா அக்கா அந்த அம்மாகூட உக்காந்து மராத்தியில பேசிட்டிருக்காங்க. கோடையில தண்ணி எந்த அளவுக்கு இறங்கும், பாட்டன் காலத்துல யார் யார் மேலயே குடியிருந்தாங்க, எந்தப் பக்கம் மாடு கட்டுவாங்க, எல்லாம் கேட்டுட்டிருந்தாங்க. சார் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"எஸ்தர், வண்டி போயிடும்மா."

"போகட்டும் சார், அடுத்த வண்டி வரும். ராஜா வந்ததெல்லாம் உங்க புஸ்தகத்துல இருக்கு. இவங்க குடத்தைத் தூக்கிட்டு ஏறுதது அதுல இருக்கா?"

அந்த வண்டி போயிருச்சு. கர்ஜத் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து மூணு பேரும் வறுத்த கடலை தின்னோம்.

இப்ப சொல்லப் போறது நம்ம சந்துல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சாலும் சொல்லணும். தப்புத் தப்பாவும் பேசிட்டிருக்காங்க.

நம்ம சந்து கடைசியில, காடிங்கற உப்புத் தண்ணி ஓடையைப் பாத்த மாதிரி, சின்னக் கோட்டை ஒண்ணு இருக்கு, கில்லான்னு சொல்லுவாங்க. கறுத்த கல்லு, கூரை கிடையாது. ஓடைப் பக்கம் சுவர் இடுப்பளவுகூட இல்ல. சந்துப் பக்கம் சுவரை முதுகா வச்சி வரிசையா வீடுங்க. சுவரோட வெளிப்பக்கம்தான் அந்த வீடுங்களுக்குப் பின்சுவர். அக்காவோட அப்பா கூடப் பொறந்த ரூபி அத்தை வீடும் அதுல ஒண்ணு. அத்தை முறுக்குச் சுட்டு விக்கறவங்க. வடாலா வரைக்கும் அவங்க முறுக்குப் போகுது.

ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க ஓடைப் பக்கமாத் திரும்பி வந்தப்ப, ரெண்டு பேர் கில்லாவுலேர்ந்து கல்லைப் பேத்து கைவண்டியில ஏத்திட்டிருந்தாங்க. அக்கா ஓடிப்போய் வண்டியைப் பிடிச்சிக்கிட்டாங்க.

"க்யா கர்தே ஹோ? யே கில்லா ஹை!" என்ன பண்றீங்க, இது கோட்டைன்னு கத்தினாங்க.

"தேரே பாப் கா கில்லா ஹை க்யா?"ன்னு ஒருத்தன் கேட்டான். உங்கப்பன் கோட்டையான்னு. வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டானுங்க. 

அடுத்த நாளே ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல ஒரு மனு டைப் அடிச்சிட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ரயில்ல எங்களுக்கு ஒவ்வொரு வரியாத் தமிழ்ல படிச்சிக் காட்டினாங்க. பழைய கோட்டை அழியுது. கல்லு திருடு போகுது. அரசாங்கம் உடனே கையில எடுக்கணும். சுவரை ஒட்டி இருக்கறதையெல்லாம் அப்புறப்படுத்திச் சுத்தம் பண்ணணும். நான் கூட்டத்துல கைதட்டினேன். தொங்கிட்டு வந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மலைக்கோட்டையில சுவரை ஒட்டி என்ன இருக்கும்? ஆலஞ்செடி இருக்கும், புதரு இருக்கும். அதைச் சுத்தம் பண்ணாத்தான் கல்லு நிக்கும். வாராவாரம் அதையே பாத்துப் பழகின கண்ணு எங்களுக்கு. அதே நெனப்புல எழுதிட்டோம். கோட்டைக்குள்ள நின்னு பாத்தா நம்ம சந்து வீடுங்க தெரியவே தெரியாது, சுவர்தான் தெரியும்.

மனு போய் கொஞ்ச நாளு சத்தமே இல்ல. மழை தொடங்கற சமயம் ஒரு நாள் நான் அக்கா வீட்டுல உக்காந்திருந்தேன். அடுத்து எந்தக் கோட்டைன்னு பேசிட்டிருந்தோம். ரூபி அத்தை உள்ள வந்தாங்க. மாவுக் கை.

"ஏட்டி எஸ்தர், கில்லாவைச் சுத்தம் பண்ணணும்னு எழுதிப் போட்டது நீதானா?"

"ஆமா அத்தை. கல்லைத் திருடுதானுவ. அதான்…"

"கல்லைத் திருடினவன் அவன் பாட்டுக்குப் போயிட்டான். என் கதவுல குறி போட்டுட்டுப் போயிருக்காவ. வந்து பாருட்டி."

போனோம். சுவரை ஒட்டின வீடு ஒவ்வொண்ணோட கதவுலயும் சிவப்புச் சாயத்துல பெருக்கல் குறி. இடிக்கப் போற வீடுன்னு அர்த்தம். சாயம் இன்னும் காயல. ஆம்பளைங்க வேலைக்குப் போகாம வாசல்ல நின்னாங்க. நம்ம சந்துப் பெரியவர் ஒருத்தர், பேர் வேணாம், எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொன்னார்.

"படிச்ச பிள்ளை, நமக்கு ரேஷன் கார்டுக்கு எழுதித் தருதேன்னு சந்தோசப்பட்டோம். இப்ப வீட்டைக் காலி பண்ணவும் எழுதித் தந்திருக்கு."

அக்கா நேராப் போய் அத்தை கதவுல இருந்த குறியைத் தொட்டாங்க. விரல்ல ஒட்டிச்சி. அந்த விரலைத் தொடைக்காமலேயே கில்லாவுக்குள்ள போய் உக்காந்தாங்க. நான் பின்னாடியே போனேன். சாயம் ஒட்டின விரலைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க.

"செத்துப் போன சிப்பாய் அடுப்பையெல்லாம் ஊசி வச்சிச் சுரண்டித் தேடினேன்ல. அத்தை அடுப்பு என் கண்ணுல படல."

விஸ்வநாதன் சார் இன்னொரு மனு போடலாம்னார். "ஒரு மனு போட்டதுக்கே இந்தக் கதி சார்"ன்னாங்க அக்கா. தினமும் சாப்பாட்டு நேரத்துல மனு அனுப்பின ஆபீஸுக்கே நடந்து போனாங்க. எந்த ஆபீஸ்னு எழுதல, அங்க இருக்கறவங்களும் சொன்ன வேலையைச் செய்யறவங்கதான். குமாஸ்தா சிரிச்சாராம். "பாயி, நீங்களே கேட்டீங்க. இப்ப நீங்களே வேணாங்கறீங்க"ன்னாராம். பொம்பளைங்களை மராத்தியில பாயின்னுதான் கூப்பிடுவாங்க. கடைசியா ஒரு நாள் குறி போட உத்தரவு குடுத்த சாஹேப்பையே பாத்துட்டாங்க. மராத்திக்காரர், கறாரான ஆளு. அவர்கிட்ட அக்கா கெஞ்சல. "சாஹேப், ஞாயித்துக்கிழமை கில்லா பாக்க வாங்க"ன்னு கூப்பிட்டிருக்காங்க.

"கில்லாவைப் பாக்காமலா குறி போட்டேன்?"

"மேப்ல பாத்திருப்பீங்க. நடந்து பாருங்க. நான் சுத்திக் காட்டுதேன்."

என்ன நெனச்சாரோ, வந்தார். சந்து பூரா கதவைச் சாத்திக்கிட்டு இடுக்கு வழியாப் பாத்துட்டிருந்துச்சு. அக்கா நேரா ரூபி அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அத்தை வாசல்ல மறிச்சி நின்னாங்க.

"என் வீட்டை இடிக்க வந்தவனுக்கு நான் முறுக்கு வேற குடுக்கணுமாட்டி?"

"குடுங்க அத்தை. மொதல்ல சாப்பிடட்டும்."

"நல்லா இருக்குட்டி உன் நியாயம். திங்கட்டும். தின்னுட்டு இடிக்கட்டும். தெம்பா இடிப்பான்."

திட்டிக்கிட்டேதான் தட்டை வச்சாங்க. சாஹேப்புக்குத் தமிழ் தெரியாது, "சக்லி பஹோத் படியா", முறுக்கு பிரமாதம்னு சொல்லித் தின்னார். தலையைத் தூக்கிப் பாத்தார். அவருக்கு முன்னாடி பின்சுவரா நின்னது கோட்டைக் கல்லு. அத்தை அதுல ஆணி அடிக்காம, கல்லு இடுக்குல கட்டை செருகித் தட்டு அடுக்கியிருந்தாங்க.

அக்கா அவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. மொதல்ல ஓடைப் பக்கம். இடுப்பளவுச் சுவர், பேத்தெடுத்த குழி, வண்டித் தடம். அப்புறம் வீடுங்க இருக்கற பக்கம். சுவர் முழு ஒசரத்துக்கு நின்னுச்சு. உச்சிக் கல்லுகூட எடம் மாறல.

"சாஹேப், இங்க ஒரு கல்லு போனா அவங்க வீட்டுக்குள்ள மழை இறங்கும். அதனால மழைக்கு முன்னாடி வருஷா வருஷம் இடுக்கைப் பூசுதாங்க. கல்லெடுக்க வர்றவனை விரட்டுதாங்க. வீடு இல்லாத பக்கம் கோட்டையும் இல்ல, பாருங்க. நான் எழுதினது தப்பு."

"சிமெண்ட் பூசியிருக்காங்க. பழைய சுவருக்கு அது ஆகாது"ன்னார்.

"விழுந்து கிடக்கறதுக்கு அது தேவலை, சாஹேப்."

அவர் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. "அடுத்த ஞாயித்துக்கிழமை டேப்போட வர்றேன். அளந்துதான் எழுத முடியும். அதுவரைக்கும் இடிக்க ஆள் வர மாட்டாங்க. ஆனா பாயி, மனு குடுத்த நீங்க இருக்கணும். சுவரைக் காட்டி நீங்களே தப்புன்னு சொல்லணும்"னார்.

அக்கா போகும்போது ரூபி அத்தை ஒரு பொட்டலம் கட்டி அவங்க கையில திணிச்சாங்க. "உங்கம்மைக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. பல நாளைக்கு அப்புறம் அக்காகிட்டத் திட்டாமப் பேசினது அதுதான்.

அந்த வாரமே அக்காவுக்குக் காய்ச்சல். மழையில நனைஞ்ச காய்ச்சல்னு சொன்னாங்க. நான் பாக்கப் போனப்ப கம்பளியைப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தாங்க. "ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்திரிச்சிருவேன்ல. டேப்போட இன்னொரு முனையைப் பிடிக்க நீ வரணும். கத்தாம பிடிக்கணும்"ன்னாங்க. அப்புறம் அவங்களுக்கு நெனவு தப்பிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. விஸ்வநாதன் சார் பட்டறைக்கு வந்தார்.

சிவ்ரி கல்லறைத் தோட்டத்துல அடக்கம். சந்துல குறி போட்ட வீட்டுக்காரங்க எல்லாரும் வந்தாங்க. அந்தப் பெரியவரும் வந்தார், பெட்டியைத் தூக்கினார். ரூபி அத்தை மண்ணள்ளிப் போட்டுட்டு, கையைத் தட்டாம அப்படியே வச்சிருந்தாங்க. பக்கத்துலதான் சிவ்ரி கோட்டை. வேற நாளா இருந்தா நானும் சாரும் திரும்பிப் பாத்திருப்போம். நான் கீழ பாத்தேன். சாரோட ஷூவுல செம்மண் அப்பியிருந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஜெபம் முடிஞ்சது எனக்குத் தெரியல.

ஞாயித்துக்கிழமை சாஹேப் வந்துட்டார். கையில டேப், கூட ஒரு ப்யூன். யாரும் அவருக்குச் சொல்லல. சொல்லணும்னு யாருக்கும் தோணல.

"பாயி குட்டே?"ன்னு கேட்டார். பாயி எங்கன்னு.

 நான்தான் சொன்னேன். இந்தில ஒரே வரியில சொல்லிட்டேன். அவர் தொப்பியைக் கழட்டினார்.  அப்புறம் டேப்பை ப்யூன்கிட்டக் குடுத்தார்.

"மனு அவங்களோடது. மறுத்துச் சொல்ல வேண்டியது அவங்க. இப்ப நான் என்னன்னு எழுத?"

 வாசல்ல நின்னவங்க எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அப்போ விஸ்வநாதன் சார் முன்னாடி வந்தார். அவரோட பேங்க் இங்கிலீஷ்ல சொன்னார். அந்த மனுவுல மூணு கையெழுத்து இருக்கு. ரெண்டு பேர் இன்னும் இருக்கோம். ரெண்டு பேரும் தப்புன்னு சொல்றோம். எங்கே வேணாலும் எழுதித் தர்றோம்.

"அப்ப சுவரைக் காட்டுங்க"ன்னார் சாஹேப்.

சார் என்னைப் பாத்தார். "நீ காட்டு பாலு. எனக்குப் புஸ்தகத்துல இருக்கறதுதான் தெரியும்"னார்.

நான் காட்டினேன். ஓடைப் பக்கம் கூட்டிட்டுப் போய்க் குழியைக் காட்டினேன், வண்டித் தடத்தைக் காட்டினேன். டேப் முனையைப் பிடிச்சேன். அக்கா சொன்னதையெல்லாம் அதே வரிசையில சொன்னேன். என் குரல் எனக்கே வேற யாரோடதோ மாதிரி இருந்துச்சு. சாஹேப் ரெண்டு தடவை, "ஜோர் ஸே போலோ, சுனாயி நஹி தேதா"ன்னார். என்கிட்ட யாரும் சத்தமாப் பேசுன்னு சொன்னதே கிடையாது.

கில்லாவுக்குள்ள போனோம். மழை பெய்ஞ்சி புல்லு முட்டியளவு. வீடுங்க இருக்கற சுவரை உள்பக்கத்துலேர்ந்து அளந்தோம். பாதியில சாஹேப் நின்னுட்டார். சுவர்ல துப்பாக்கி நீட்டிச் சுட வச்ச குறுகலான ஓட்டை ஒண்ணு. அதுலேர்ந்து புகை வந்துட்டிருந்துச்சு. மெல்லிசா, நின்னு நின்னு வந்துச்சு.

"யே க்யா ஹை?" இது என்னன்னு கேட்டார்.

"ரூபி அத்தை"ன்னேன். "முறுக்குச் சுடறாங்க. நாளைக்கு வடாலா கடைக்குக் குடுக்கணும்."

அவர் அந்தப் புகையையே பாத்துட்டிருந்தார். அப்புறம் பேனாவை எடுத்து, எழுதறதை எங்களுக்கும் படிச்சிச் சொல்லிக்கிட்டே எழுதினார். இந்தப் பக்கச் சுவரை வீடுகள்தான் தாங்குது. எடுத்தா சுவர் விழும். எடுக்க வேண்டாம்னு சிபாரிசு. "மேல இருக்கறவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் எழுத முடிஞ்சது இது"ன்னார். நானும் சாரும் கீழ கையெழுத்துப் போட்டோம். அவர் போனதும் சார் புல்லுலயே உக்காந்துட்டார். நானும் பக்கத்துல உக்காந்தேன். 

எஸ்தரக்கா, உங்க அம்மாவுக்கு ராத்திரிச் சோறு அத்தை வீட்டுலேர்ந்து போகுது. மேலேயிருந்து இன்னும் பதில் வரல. இடிக்க ஆள் யாரும் வரல. ஓடைப் பக்கம் நின்னா அந்த ஓட்டையில புகை தெரியுது. நீங்க தூங்குங்க அக்கா, வீட்டை நாங்க பாத்துக்கறோம்.